அண்ணி வீட்டில் குடிக்காத தண்ணீர்

1

சௌமியா, தினேஷ், இருவருக்கும் அப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெரியம்மா மகன் சரவணன் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த சௌமியா மயங்கி விழுந்ததை நம் தெருவே பார்த்திருக்கிறது. பார்த்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பெரியம்மா கையால் பரிமாறிய சோற்றில் நாலு வாய் வைத்ததும் பிள்ளை சாய்ந்துவிட்டாள் என்ற பேச்சு, மஸ்கட்டில் இருக்கும் எனக்கே மூன்று பேர் வழியாக வந்து சேர்ந்துவிட்டது.

இனி போனில் பேசி ஆகாது. நான் ஆரம்பித்தால் தினேஷ் "சரிப்பா, சரிப்பா" என்பான். சௌமியா "அப்புறம் பேசறேம்பா" என்று வைத்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் நான். முன்பின் இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் தினேஷ் இதைத் தெருக்காரர்கள் குரூப்பில் போட வேண்டும். எழுதுவது உங்கள் இருவருக்காகத்தான். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அவர்களும்தான்.

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் பெரியம்மா, அதாவது என் அண்ணி, எனக்குச் சோற்றில் மருந்து வைக்கவில்லை. வைத்தார் என்று பன்னிரண்டு வருஷமாக நம் வீட்டில் நம்பினோம். அது பொய். அந்தப் பொய்யில் முதல் பங்கு என்னுடையது.

2

என் வயிற்றைப் பற்றி உங்களிடம் இதுவரை நான் முழுசாகப் பேசியதில்லை. வெட்கம்தான்.

சாப்பிட்டுப் பத்து நிமிஷம் ஆகும். அடிவயிற்றில் ஈரத்துணியைப் பிழிவது போல் ஒரு முறுக்கு வரும். உடனே கழிப்பறைக்குப் போயாக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் நெற்றியும் முதுகும் நனைந்துவிடும். காது அடைக்கும். பக்கத்தில் பேசுகிறவன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கும். கண்ணின் ஓரத்திலிருந்து கறுப்பு உள்ளே வரும். சில நாள் அங்கேயே உட்கார்ந்தால் சரியாகிவிடும். சில நாள் விழுந்துவிடுவேன். கால் மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து நடப்பேன். தினமும் வராது. பத்து நாள் நன்றாக இருந்துவிட்டு, இனி வராது என்று நம்ப ஆரம்பிக்கும் அன்று வரும்.

நான் வேலை செய்வது வண்டி உதிரிபாகக் கிடங்கில். ஆள் உயரத்துக்கு ஐந்து மடங்கு இரும்பு அலமாரிகள், நடுவே சந்து. என் சந்திலிருந்து கழிப்பறை நூற்றுத் தொண்ணூறு அடி. எண்ணி வைத்திருக்கிறேன். தங்குமிடத்திலிருந்து கம்பெனி பஸ் ஐம்பது நிமிஷம், வழியில் நிற்காது. அதனால் காலையில் வாயில் எதுவும் வைப்பதில்லை. மதியம் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, கேன்டீன் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் பாதி வயிறு சாப்பிடுவேன். வெள்ளிக்கிழமை அறையில் பிரியாணி செய்தால் எனக்கு விரதம் என்று சொல்லிவிடுவேன். எனக்குப் பக்தி ஜாஸ்தி என்றுதான் அறையில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீடியோ காலில் நீங்கள் பார்க்கிற சிரிப்பு அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்ததுதான்.

3

இங்கே வந்து இரண்டு வருஷம் முடிந்து முதல் லீவில் வந்தபோது சௌமியாவுக்கு எட்டு வயது, தினேஷுக்கு ஐந்து. வெளியூரிலிருந்து வந்தவனுக்கு முதல் சாப்பாடு மூத்தவர் வீட்டில் என்பது எங்களுக்குள் முறை. அண்ணி கோழிக் குழம்பு வைத்திருந்தார். அண்ணன் தறியை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது தரம் சோறு வைத்தார்கள். அப்போது வந்தது. இலையிலிருந்து பாதியில் எழுந்தேன். பின்வாசல் வரைக்கும் போனேன். அவ்வளவுதான் ஞாபகம்.

மூன்றாம் நாள் உங்கள் அம்மா என்னைப் பெரணமல்லூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே மருந்து எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். யாராவது நம்மை வசப்படுத்தவோ கெடுக்கவோ சோற்றில் எதையாவது கலந்து கொடுத்தால் அது குடலில் ஒட்டிக்கொள்ளும், அதை வெளியே எடுக்க வேண்டும் என்பது நம்பிக்கை. வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார வைத்தார்கள். ஏதோ தழைச் சாறு கொடுத்தார்கள். வாந்தி எடுத்தேன். அவர் தட்டில் விரலை விட்டுக் கலக்கி, மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றை எடுத்து வெற்றிலையில் வைத்துக் காட்டினார்.

"சாப்பாட்டுல குடுத்தது. சொந்தத்துல. பொம்பள கை" என்றார்.

பேர் சொல்லவில்லை. அவர்கள் சொல்லவே மாட்டார்கள். பேரை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் அம்மாவும் நானும் போட்டுக்கொண்டோம்.

கடைசியாக எங்கே சாப்பிட்டு விழுந்தாய் என்றுதான் மருந்து எடுத்தவர் கேட்டார். முதலில் எங்கே விழுந்தாய் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் மஸ்கட்டிலேயே இரண்டு தரம் வந்திருந்தது. ஒரு தரம் கேன்டீனில், ஒரு தரம் கடற்கரைக்குப் போன இடத்தில். உங்கள் அம்மாவிடமும் சொல்லவில்லை. வெளிநாட்டில் போய் உடம்பைக் கெடுத்துக்கொண்டான் என்று பேர் வருவதைவிட, யாரோ வைத்துவிட்டார்கள் என்பது எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அதன்பிறகு எட்டு மாதம் வரவில்லை. மருந்து போய்விட்டது என்று உங்கள் அம்மா சாமிக்கு வேண்டுதல் முடித்தாள். ஒன்பதாம் மாதம் இங்கே மறுபடி வந்தது. அன்றைக்கே போன் செய்து சொல்லியிருந்தால் அண்ணி அன்றைக்கே தப்பித்திருப்பார். கொஞ்சம் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4

யாரும் அண்ணியின் முகத்துக்கு நேராக எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது வந்திருக்கும்.

அந்த லீவு முடிந்து கிளம்பும் நாள், அவர்கள் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். இப்போதுதான் குடித்தேன் என்றேன். சொந்தக்காரர் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் வாங்காமல் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அண்ணி நீட்டிய கையை மடக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். நான் செருப்பு மாட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

அவர் வழிக்குக் கட்டிக்கொடுத்த முறுக்கு மஸ்கட் வரை வந்தது. அறையில் நாலு பேர் தின்றார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் பேருக்கு வைத்தது என்னை மட்டும்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு புத்திசாலி பாருங்கள் உங்கள் அப்பா.

தினேஷ், அடுத்த லீவில் நடந்த உன் காதுகுத்துக்கு அண்ணி வந்திருந்தார். மூத்த மருமகள், பரிமாற வேண்டியது அவர்தான். கூட்டு வாளியோடு என் இலைக்கு முன்னால் வந்தார். ஒரு கரண்டி எடுத்துத் தன் உள்ளங்கையில் போட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே வாயில் வைத்து விழுங்கினார். பிறகு என் இலையில் வைக்கக் குனிந்தார். நான் இலைமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்து சாப்பிட்டார்கள்.

அதற்குப்பின் தெரு தன் வேலையைச் செய்தது. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஒவ்வொரு வீட்டுக் கூழையும் கொண்டுபோய் ஒரே அண்டாவில் ஊற்றுவார்கள் இல்லையா. அண்ணியின் குடத்தை மட்டும் தனியாக ஓரம் வைக்கச் சொன்னாராம் யாரோ ஒருவர். மறு வருஷத்திலிருந்து அண்ணி கூழ் எடுத்துப் போவதில்லை. சரவணனுக்குப் பெண் பார்த்த இரண்டு இடம், காரணம் சொல்லாமல் நின்றுபோனது. அவர்கள் வீட்டில் கல்யாணம், காரியம் என்றால் போய், மொய் எழுதி, வாசலோடு திரும்பி வருவது என்று நீங்கள் இருவரும் வளர்ந்தீர்கள். ஏன் என்று நீங்கள் கேட்டதில்லை. வீட்டுக்குள் பேசுவது குழந்தைகள் காதில் விழத்தானே செய்யும்.

5

நாலு மாதத்துக்கு முன், மதியம் சாப்பிட்டுவிட்டு ஏணிமேல் நின்றபோது வந்தது. இரண்டாவது படியில் இருந்தேன், அதனால் பிழைத்தேன். மண்டையில் மூன்று தையல். இந்த முறை கம்பெனி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

டாக்டர் வடநாட்டுக்காரர். பதினாலு வருஷமாக நான் பேசும் இந்தியில் "என் வயிறு கோபப்படுகிறது" என்றுதான் சொல்லத் தெரிந்தது. அவர் சிரித்துவிட்டு, இந்த நோயின் பேரே கிட்டத்தட்ட அதுதான், கோபக்காரக் குடல், இங்கிலீஷில் சுருக்கமாக ஐ.பி.எஸ். என்பார்கள் என்றார். ஆனாலும் வேறு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியுமாம். குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பதற்கு என் காப்பீட்டு அட்டையில் இடம் இல்லை. அனுமதி வர வேண்டும். அனுமதி கேட்கும் தாளில் எத்தனை வருஷமாக என்று ஒரு கட்டம், முன்பு செய்த வைத்தியம் என்ன என்று இன்னொரு கட்டம். எழுத்தர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெற்றிலையையும் கறுப்பு உருண்டையையும் எந்தப் பாஷையில் சொல்வது? ஒன்றும் இல்லை என்று எழுதச் சொன்னேன். தாள் இரண்டு முறை திரும்பி வந்தது. ரத்தம், இருதயம், சர்க்கரை எல்லாம் அதற்குள் பார்த்துவிட்டார்கள்.

குழாய் விட்ட அன்று நான் கேட்டுக்கொண்டதால் திரையைக் காட்டினார்கள். என் குடலை நானே பார்த்தேன். நாக்கு போலச் சிவப்பாக, கழுவி வைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் கேரளத்துப் பெண். உள்ளே மயிர் மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"எங்க நாட்டுல கைவிஷம்னு பறயும், சேட்டா. என்ட அம்மாயியம்ம, மாமியார், அவங்களும் அதுக்கு ஓடி நடந்தவங்கதான். உள்ள ஒண்ணும் இல்ல. நீங்களே கண்டில்லே?"

டாக்டர் ஒரு தாளில் தலையையும் குடலையும் வரைந்து நடுவே கோடு போட்டார். சிலருக்குக் குடல் சாப்பாட்டைக் கண்டதும் அளவுக்கு மீறிச் சுருங்கும். அந்த வலி நரம்பு வழியாகப் போய் இருதயத்தை மெதுவாக்கிவிடும், ரத்த அழுத்தம் இறங்கும், ஆள் விழுவான். உயிருக்கு ஆபத்து இல்லை, விழுகிற இடத்தில்தான் ஆபத்து. வருவது தெரிந்ததும் படுத்துக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். பயந்தால் இன்னும் வரும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

வேலைக்குத் தகுதி என்று முத்திரை குத்தி வாங்கிக்கொண்டுதான் கிடங்குக்குள் விட்டார்கள். ஏணி ஏறக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். ஏணி ஏறாதவனுக்குக் கிடங்கில் எத்தனை நாள் வேலை இருக்கும் என்பது மேலாளருக்கும் எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசுவதில்லை.

6

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். இப்படி ஒரு வியாதியாம், அண்ணி ஒன்றும் செய்யவில்லை என்றேன். தினேஷ் பின்னாலிருந்து, "அப்பாவுக்கு ஐ.பி.எஸ். குடுத்துட்டாங்கம்மா, இனிமே சல்யூட் வெச்சிதான் பேசணும்" என்று சிரித்தான். உங்கள் அம்மா சிரிக்கவில்லை.

"டாக்டர் நேத்து சொன்னாரு. நான் பன்னெண்டு வருஷத்துக்கு முன்ன கண்ணால பாத்துகினு வந்தேன்" என்றாள்.

அது அந்த ஆளின் விரலுக்குள் இருந்து வந்தது என்றேன்.

"அப்ப நான் இத்தினி வருஷமா ஊரு பூரா பொய் சொல்லிகினு திரிஞ்சேனா? நீங்க அங்க உக்காந்துகினு சொல்லிடுவீங்க. இங்க மூஞ்ச தூக்கினு நடக்கறவ நான்தான?"

அவளை அந்தப் பஸ்ஸில் ஏற்றியது என் மௌனம்தான்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு அண்ணிக்கே போன் செய்தேன். குடல், நரம்பு, டாக்டர் வரைந்த கோடு, மஸ்கட்டில் முன்பே வந்த இரண்டு தரம், எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை கேட்டேன். கடைசியில், "இத என்கிட்ட சொல்லி இன்னா தம்பி பண்றது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லு" என்றார். என் மன்னிப்பு அவருக்குத் தேவைப்படவில்லை. சரவணன் கல்யாணத்தில் முதல் பந்தியில், எல்லாரும் பார்க்க நம் வீட்டு ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

நான் வருவதாகத்தான் இருந்தேன். சரக்கு எண்ணிக்கை முடியும் வரை யாருக்கும் லீவு இல்லை என்றார்கள். மீறிப் போனால் திரும்பி வர வேண்டாம். ஏணி ஏறாதவன் மீறிப் போவதை அவர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் உங்கள் இருவரையும் உட்காரச் சொன்னேன். தினேஷ் "சரிப்பா" என்றான். சௌமியா ரொம்ப நேரம் பேசாமல் இருந்து, பிறகு சரி என்றாள். வரவர என்னிடம் பேசவே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எதற்காக அந்த மௌனம் என்று எனக்கு அப்போது தெரியாது.

7

கிடங்குக்குள் போன் கொண்டுபோக முடியாது. இங்கே நாலு மணிக்கு வெளியே வந்து போனை எடுத்தபோது தினேஷ் ஏழு தரம் கூப்பிட்டிருந்தான். அவன் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், கூட்டிக் குறைத்து எழுதவில்லை.

முதல் பந்தியில் இருவரும் உட்கார்ந்தீர்கள். உங்கள் அம்மா மொய்க் கவரைப் பிடித்துக்கொண்டு தூண் ஓரத்தில் நின்றாள். சாம்பார் வாளியைப் பந்திக்காரரிடமிருந்து வாங்கி, அண்ணியே உங்களுக்கு ஊற்றினார். சௌமியா பிசைந்து சாப்பிட்டாள். ரசத்துக்குக் குழி செய்யும்போது முகம் வெளுத்து, எழுந்திருக்கப் பார்த்து, இலைமேலேயே சாய்ந்தாள்.

யாரோ ஒரு அம்மாள், ஜல்தியாகப் பெரணமல்லூருக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், அங்கே இன்னும் எடுக்கிறார்கள் என்றாராம். அண்ணி வாளியைக் கீழே வைக்காமலே நின்றுகொண்டிருந்தாராம். பக்கத்து இலையில் இருந்த தினேஷ் எழுந்து, ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அக்காவின் காலைத் தூக்கி வைத்திருக்கிறான். அப்படிச் செய்ய வேண்டும் என்று நான் போனில் சொன்னபோது இவன் "சரிப்பா, சரிப்பா" என்றுதான் சொன்னான். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

உங்கள் அம்மா ஓடிவந்து சௌமியாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். எந்த ஊருக்கு என்று சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

சௌமியா கண்ணைத் திறந்தாள். படுத்தபடியே பேசினாள். மெதுவாகத்தான் பேசினாளாம், ஆனால் மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கிறது.

"எனக்கு இது ரெண்டு வருஷமா கீதும்மா. காலேஜ் கேன்டீன்ல வரும், ஹாஸ்டல்ல வரும். அங்கல்லாம் எனக்கு யாரும்மா மருந்து வெச்சாங்க?"

உங்கள் அம்மா சௌமியாவின் முகத்தைத் துடைத்தாள். அறைக்குள் கூட்டிப் போய்ப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தாள். இரண்டாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடு வரிசையில் போய் உட்கார்ந்தாள். அண்ணியைப் பார்த்து, "எனக்கும் ஊத்துங்க அக்கா" என்றாளாம். முழுச் சாப்பாடும் சாப்பிட்டாள். ரசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள் என்று தினேஷ் சொன்னான். மொய்க் கவரைக் கொடுக்க மறந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாளாம்.

அவள் செய்ததை நான் இங்கே உட்கார்ந்து பாராட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அந்த இலையில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான்.

சௌமியா, உனக்கு ஒன்று. மதியம் கூப்பிட்டால் நீ எடுக்காததையும், விடுதிச் சாப்பாடு பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவதையும், நீ எங்களை விட்டுத் தள்ளிப் போகிறாய் என்று நான் கணக்குப் போட்டேன். எந்தக் கதவு பக்கம் உட்காரலாம் என்று நீயும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். எனக்குத் தெரியாமல் போயிற்று, நான் உன்னிடம் மறைத்த மாதிரியே நீ என்னிடம் மறைத்தாய். வருமென்று தெரிந்தும் பெரியம்மா இலையில் ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டதற்கு, "நீ தானப்பா உக்காரச் சொன்ன" என்று சொன்னாய். வேலூரிலோ சென்னையிலோ நல்ல டாக்டரிடம் காட்டு. எல்லாப் பரிசோதனையும் செய்துகொள். அப்பாவுக்கு இருப்பதுதான் என்று நீயாக முடிவு கட்டாதே. எத்தனை வருஷமாக என்று கேட்டால் சரியாகச் சொல்.

தெருவில் பாதிப் பேர் இப்போது நம் பக்கம் பேசுகிறார்களாம். மீதிப் பேர், அப்பனுக்கு வைத்தது பெண்ணுக்கும் இறங்கியிருக்கிறது என்கிறார்களாம். அவர்களுக்காகத்தான் மஸ்கட்டில் முதலில் வந்த இரண்டு தரத்தை மேலே எழுதியிருக்கிறேன். அந்த லீவில் அண்ணி சமைத்த சோற்றை நான் சாப்பிடுவதற்கு முன்பே எனக்கு இந்த வியாதி இருந்தது. நான் அதை மறைத்தேன். இதற்குமேல் தெளிவாக எழுத எனக்குத் தெரியவில்லை.

8

நேற்று சாயங்காலம் அண்ணியை மறுபடி கூப்பிட்டேன். மருமகள் வந்த வீடு, பின்னால் ஒரே சத்தம். உங்கள் அம்மா வந்து சப்பாத்திக் கட்டை வாங்கிப் போனதாகச் சொன்னார். வேறு எதுவும் பேசினாளா என்று கேட்டேன். கட்டை கேட்டாள், கொடுத்தேன் என்றார்.

பிறகு, "எல்லாரும் சாப்ட்டாங்க. நீதான் தம்பி இன்னும் சாப்புடல" என்றார்.

லீவு கிடைப்பது என் கையில் இல்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் அது மட்டும் உண்மை இல்லை. அவரிடம் இன்னொரு தரம் எதையும் மறைக்கக் கூடாது என்று தோன்றியது. அதனால் சொல்லிவிட்டேன். மருந்துக்கு இப்போது நான் பயப்படவில்லை அண்ணி. ஆனால் டாக்டர் சொன்னது என் மண்டைக்குத்தான் புரிந்திருக்கிறது, குடலுக்குப் புரியவில்லை. தெருவே பார்க்க உங்கள் வீட்டில் உட்காருவேன், இரண்டாம் தரம் சோறு வைப்பீர்கள், எனக்கு வந்துவிடும். பாதி இலையில் எழுந்து ஓடுவேன். மறுபடி உங்களுக்குத்தான் பேர் கெடும். அதை நினைத்தால் லீவு கேட்கவே பயமாக இருக்கிறது என்றேன்.

அண்ணி பின்னால் யாரையோ சத்தம் குறைக்கச் சொன்னார்.

"வந்தா எழுந்து போ. போய்ட்டு வந்து உக்காரு. நீ வர்ற வரைக்கும் எலைய எடுக்க மாட்டேன்" என்றார்.